தனிப்பட்ட தகவல்

மார்ச் 3

அன்புள்ள மழைக்கணக்கருக்கு,

இங்கே நான் சுகம். தீவில் நீங்களும் உங்கள் மழைமானியும் ரேடியோக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தீர்கள். அது போய்விட்டதா, இல்லை உங்களைப் போலவே ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டதா?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் எழுதுகிறவள் நடுவில் எழுதுகிறாளே என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றுமில்லை. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

என் நத்தைக் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், அங்கே மேற்கோள்களைச் சரிபார்க்கும் அம்மாவிடமிருந்து எட்டுப் பக்கத்துக்குத் திருத்தம் வந்தது. இதழ்களின் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தேன். விரித்து எழுத வேண்டுமாம். பக்க எண்ணுக்கு முன்னால் இடைவெளி கூடாதாம். ஆசிரியர்களின் பெயர்களுக்கு நடுவே நான் போட்ட அரைப்புள்ளிகளையெல்லாம் எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட வேண்டுமாம். அந்த அரைப்புள்ளிக்காக நான் சண்டை போட்டதைப் பார்த்துத்தானே எனக்குப் பட்டப்பெயர் வைத்தீர்கள்? இப்போது பெயரே பறிபோகப் போகிறது.

உங்களால் ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. மழைக்கு முந்தைய மாலையே நத்தைகள் வெப்பமானிப் பெட்டியின் கால்களில் ஏறிவிடுகின்றன என்று சொன்னீர்களே, கட்டுரையின் கடைசிப் பகுதி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அதை நீங்கள் எங்கும் எழுதி வெளியிடவில்லை. வாயால் சொன்னதற்கு மேற்கோள் பட்டியலில் இடமில்லை. வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறி போட்டு, உங்கள் பெயர், 'தனிப்பட்ட தகவல்', சொன்ன தேதி என்று கொடுக்க வேண்டும். கூடவே, சொன்னவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் வேண்டும். "சொன்னவர் என் கணவர்தாங்க, அவருக்குமா?" என்று அந்த அம்மாவிடம் போனில் கேட்டேன். "கணவர் சொன்னதுன்னா கண்டிப்பா எழுத்துல வாங்கிடுங்கம்மா" என்றார்.

வாசகத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். ஜூன் மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வாக்கியத்தை வெட்டிவிடுவார்கள். அதை வெட்டினால் மிச்சக் கட்டுரை நொண்டிதான்.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. குழாய்க்காரர் வந்து, "வாஷர் மாத்தினா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றத்தான் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
அரைப்புள்ளி

*

மார்ச் 21

அன்புள்ள அரைப்புள்ளிக்கு,

பெயர் பறிபோகும்வரை இப்படித்தான் கூப்பிடுவேன், போன பிறகும்தான். நான் நலம். இருமல் விட்டுவிட்டது. இப்போது ரேடியோக்காரருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வானிலைச் செய்தி அனுப்புகிறார். "அங்க என்ன புயலா? குரல் ஏன் இப்படி இருக்கு?" என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்களாம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பதில் எழுதும்போது இதற்கும் சேர்த்து எழுது.

உன் கடிதம் பதினைந்தாம் தேதிப் படகில் வந்தது. படகோட்டியின் வழக்கம் உனக்குத் தெரியும். நம் தபால் பையை வாங்கித் தன் காலடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் வந்த பையைக் கையில் தருவார். நான் அதை அவிழ்ப்பதற்குள் படகு பாறையைத் தாண்டியிருக்கும். அதனால் எந்தக் கடிதத்துக்கும் பதில், பதினைந்து நாள் கழித்து வரும் அடுத்த படகில்தான். சோம்பேறித்தனம் என்று நினைக்காதே. கொஞ்சம் அதுவும் உண்டு.

கட்டுரை விஷயத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியோக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னேன். அதற்கப்புறமும் ஆரம்பித்தபோது, "சார், கேட்டுட்டேன் சார், பல்லு வலிக்குது" என்றார்.

ஒப்புதல் கடிதத்தைப் படித்தேன். கையெழுத்துப் போட ஒரு தடை இருக்கிறது. 'கால்களில் ஏறுகின்றன' என்று எழுதியிருக்கிறாய். நான் கால்களை மட்டும் சொல்லவில்லை, பெட்டியின் கதவிலும் ஏறும் என்றேன். நான் சொன்னதைப் பாதியாக்கிவிட்டு என்னிடமே கையெழுத்துக் கேட்டால் எப்படி? திருத்தி அனுப்பு.

இன்னொரு விஷயம். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருக்கச் சம்மதமா, இல்லை ஊருக்கு மாற்றல் வேண்டுமா என்று இரண்டே கட்டம். ஜூன் முடிவதற்குள் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். மேஜை மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்திருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

குழாய்க்கு ஒரு துணியைச் சுற்றிக் கட்டு. சத்தமாவது குறையும்.

அன்புடன்
மழைக்கணக்கர்

*

ஏப்ரல் 5

அன்புள்ள மழைக்கணக்கருக்கு,

நலமாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். ரேடியோக்காரரின் பல் எப்படி இருக்கிறது? கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கதவையும் சேர்த்துத் திருத்திய வாசகம் இத்துடன். இனிமேல் ஜன்னல், சுவர் என்று ஆரம்பிக்க வேண்டாம்.

உங்கள் அலமாரியில், மேல் தட்டில், பச்சை அட்டை போட்ட பழைய நத்தைப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் நத்தை ஓட்டின் வாயை மூடும் சவ்வைப் பற்றிய அத்தியாயம் எந்தப் பக்கத்தில் தொடங்கி எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று பார்த்து எழுதுங்கள். அந்த அம்மா முதல் பக்கமும் வேண்டும், கடைசிப் பக்கமும் வேண்டும் என்கிறார். பதிப்பகம் இருக்கும் ஊரின் பெயரும் வேண்டும். அப்புறம், அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று பழைய இதழ்களின் தொகுதி எண்களும்.

படிவத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உங்கள் இஷ்டம். நான் என்ன சொல்வது?

வேலை பெருகிவிட்டது. சாப்பாட்டு மேஜை முழுவதும் தாள்கள். உங்கள் நாற்காலியிலும் வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது எதிரில் காலியாகத் தெரிவதற்கு அது தேவலாம். மாடிப்படி விளக்கு போய்விட்டது. ராத்திரி வரும்போது சுவரைத் தடவித்தான் ஏறுகிறேன். கீழ்வீட்டுக்காரர், "சார் லீவுல எப்பம்மா வர்றார்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

உங்கள்
அரைப்புள்ளி

*

ஏப்ரல் 19

அன்புள்ள அரைப்புள்ளிக்கு,

நலமே. பல் பிடுங்கப்பட்டது. படகோட்டிதான் பிடுங்கினார், அதைப் பற்றிக் கேட்காதே. நீ படிக்கட்டில் ஜாக்கிரதை. நான்காவது படியில் விளிம்பு உடைந்திருக்கும்.

பச்சைப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். அத்தியாயம் 211-இல் தொடங்கி 238-இல் முடிகிறது. நடுவில் பூச்சி சாப்பிட்டிருந்தாலும் முதலும் கடைசியும் பத்திரமாக இருக்கின்றன. மற்ற எண்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: இந்த இதழ்கள் உன் கல்லூரி நூலகத்தில் இல்லையா? எல்லா அலமாரியும் நிறைந்திருக்கும் என்று நீதான் பெருமையடிப்பாய். இருந்தாலும் கேள். இன்னும் எதையாவது கேள். இந்த இரண்டு வாரமாக மேல் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டேன். எனக்கும் பொழுது போகிறது.

புது வாசகத்தில் இடத்தைச் சரியாக எழுதியிருக்கிறாய். ஆனால் தேதி தவறு. நாம் இங்கே சேர்ந்திருந்த முதல் மழைக்காலத்தில் நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இல்லை. நீ ஊருக்குக் கிளம்பியதற்கு முந்தைய நாள் மாலை சொன்னேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சரியான தேதியைப் போட்டு அனுப்பு, உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

படிவம் கல்லுக்கடியில் அப்படியே கிடக்கிறது. என் இஷ்டம் என்று எழுதியிருந்தாய். சரி. உன் இஷ்டத்தைத்தான் கேட்டேன்.

இங்கே ஒரு வாரமாக மூடுபனி. எதிரில் வைத்த டம்ளர் தெரியவில்லை. நீ இருந்தால் நத்தை பொறுக்கப் போகிறேன் என்று கிளம்பியிருப்பாய், நான் பின்னாலேயே விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். இப்போது விளக்கு ஆணியில் தொங்குகிறது.

அன்புடன்
மழைக்கணக்கர்

*

மே 6

அன்புள்ள மழைக்கணக்கருக்கு,

இங்கே நலம். ரேடியோக்காரரை நினைத்தால் என் பல்லும் வலிக்கிறது.

தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது தப்பு. முதல் மழைக்காலத்தில்தான் சொன்னீர்கள். இருவரும் நிலையத்துச் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். கிளம்பும் முந்தைய மாலை எனக்கு மூட்டை கட்டவே நேரமில்லை, அப்போது எங்கே நத்தையைப் பற்றிப் பேசினோம்? உங்களுக்கு எல்லாமே மழைக் கணக்கு. எதைக் கேட்டாலும் ஒரு தேதி சொல்லிவிடுவீர்கள். சரி, யோசித்துப் பார்க்கிறேன். அதற்குள் தேதியைக் காலியாக விட்டு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள். இது விளையாட்டில்லை, ஜூன் நெருங்கிவிட்டது.

மற்றபடி, என் இஷ்டத்தைக் கேட்டிருந்தீர்கள். அந்தத் தீவை விட்டு நான்தானே கிளம்பி வந்தேன்? ஒரு வருஷ வேலை என்று சொல்லிவிட்டு நான்கு வருஷமாக இங்கே உட்கார்ந்திருப்பவள், உங்களை மட்டும் அதை விட்டு வரச் சொன்னால் நியாயமா? உங்களுக்கு அங்கேதான் நிம்மதி என்று உங்கள் அக்காவும் சொல்கிறார். லீவில் வந்தால் மூன்றாம் நாளே ஜன்னலில் நின்று மேகத்தைப் பார்க்கிறீர்கள். எனக்காக எதையும் செய்ய வேண்டாம்.

மேற்கோள்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. இன்னும் நான்கைந்துதான் பாக்கி. முடிந்தால் நிம்மதி என்று இருந்தேன், இப்போது முடியப் போகிறதே என்று இருக்கிறது.

உங்கள்
அரைப்புள்ளி

*

ஜூன் 5

அன்புள்ள மழைக்கணக்கருக்கு,

நலமா? முதல் தேதிப் படகில் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒப்புதலும் இல்லை, கடிதமும் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? கோபமா? கோபமானால் கோபம் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே.

முந்தாநாள் வானொலியில் வானிலை அறிக்கை கேட்டேன். உங்கள் நிலையத்தின் மழையளவு சொன்னார்கள். அப்படியானால் மனிதர் எழுந்து நடமாடுகிறார், மழைமானி வரை போய்க் குனிந்து பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டேன். தினமும் கேட்கிறேன். இதுவரை சொன்னதில்லை. நான்கு வருஷமாகக் கேட்கிறேன். மழை இல்லாத நாளில் உங்கள் நிலையத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது.

கட்டுரையின் ப்ரூஃப் வந்துவிட்டது. உங்கள் ஒப்புதல் வரும் என்று நம்பி அந்த வாக்கியத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். தேதியை உங்கள் விருப்பப்படியே போட்டுவிட்டேன். சொன்னவருக்குத்தானே தெரியும்.

ப்ரூஃபில் அந்த அம்மா புதிதாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். தனிப்பட்ட தகவல் தந்தவரின் தற்போதைய முகவரி வேண்டும், வாசகர்கள் எழுதிக் கேட்க விரும்பினால் உதவும் என்று. இரண்டு நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். உங்களைக் கேட்கப் படகு இல்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வானிலை நிலையத்தின் முகவரியைத் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அதை எழுதவில்லை. நம் வீட்டு முகவரியை எழுதி அனுப்பிவிட்டேன்.

தெரியாமல் செய்யவில்லை. தவறானால் எழுதுங்கள், அச்சாவதற்குள் திருத்திவிடலாம். தவறில்லை என்றாலும் எழுதுங்கள்.

உங்கள்
அரைப்புள்ளி

*

ஜூன் 13

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். போன படகைத் தவறவிட்டதற்கு மன்னிக்கவும். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

நீ கேட்ட ஒப்புதல் கடிதம் கையெழுத்துடன் இருக்கிறது. தேதியையும் நிரப்பியிருக்கிறேன்.

தலைமை அலுவலகத்தின் படிவத்தையும் இதே பையில் அனுப்புகிறேன். மூன்று வருஷம் இருக்கச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன். உனக்காக எதையும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். செய்யவில்லை.

கட்டுரை நல்லபடியாக அச்சாகட்டும். இனி உனக்கு என்னிடம் கேட்க மேற்கோள் எதுவும் பாக்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்
நான்

*

ஜூன் 18

அன்புடையீர்,

தங்கள் கடிதமும் ஒப்புதலும் கிடைத்தன. ஒப்புதலை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். மிக்க நன்றி.

நீட்டிப்புச் செய்தியும் அறிந்தேன். தங்கள் முகவரியை நான் தவறாகக் கொடுத்துவிட்டேன். திருத்தச் சொல்லி அவர்களுக்கு எழுத வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான்தான்.

இப்படிக்கு
தங்கள் மனைவி

*

ஜூன் 15, மாலை

அரைப்புள்ளி,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை. பையைக் கொடுத்தேன். படகோட்டி அதைக் காலடியில் போட்டுக்கொண்டு, வந்த பையைத் தந்தார். பிரித்தேன். உன் கடிதம் இருந்தது. நின்ற இடத்திலேயே படித்தேன். முகவரி வரும் பத்திக்கு வந்தபோது படகு பாறையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கத்தினேன். கையை ஆட்டினேன். படகோட்டியும் நல்ல மனிதர், திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பைக்குள் மூன்று வருஷத்துக்கு நான் போட்ட கையெழுத்து போகிறது.

ரேடியோ அறைக்கு ஓடினேன். "என் படிவம் வருது, அதைப் பிரிக்க வேணாம்னு சொல்லுய்யா" என்றேன். ரேடியோக்காரர் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து, "இது வானிலை சம்பந்தப்பட்டதா?" என்று கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா சார், இங்க நிலைமை மோசம்" என்றார். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்திட்ட படிவம் வந்தால் பதிவு செய்துவிடுவார்களாம். வேண்டுமானால் மாற்று ஆள் கேட்டு விண்ணப்பிக்கலாமாம். சில மாதத்தில் கிடைக்கலாம், மூன்று வருஷமும் கிடைக்காமலே போகலாம். விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும், ஆதாரம் இணைக்க வேண்டும். என்ன காரணம் என்று எழுதுவேன்? மனைவி கூப்பிடுகிறாள் என்று எழுத ஆசைதான். நீ இன்னும் கூப்பிடவில்லையே. முகவரிதான் எழுதியிருக்கிறாய்.

இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். ஒன்று, உன் வாசகத்தில் கால், கதவு, தேதி என்று குற்றம் கண்டுபிடித்ததெல்லாம் உன் கடிதங்களுக்காக. கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து மறுபடி மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம் ஆகிவிடும் என்று பயம். இன்னொன்று அந்தத் தேதி. அன்றைக்கு மாலை உன் பெட்டி மூடவில்லை. நீ அதன் மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று, "நத்தையெல்லாம் வெப்பமானிப் பெட்டிக் கதவு வரைக்கும் ஏறியிருக்கு, நாளைக்குப் பெரிய மழை" என்றேன். நீ, "அப்படியா! எவ்வளவு உயரம்?" என்று கேட்டாய். மூன்று முழம் இருக்கும் என்றேன். குறித்துக்கொண்டாய்.

நான் நத்தையைப் பற்றிப் பேசவில்லை, பைத்தியமே. மழை வந்தால் படகு வராது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் அதைச் சொன்னேன். மறுநாள் மழையும் வந்தது, படகும் வந்தது.

உன் கட்டுரையில் அச்சாகப் போகிற தகவல் அதுதான். அறிவியலாக அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் முகவரி பிழை. நான் இங்கே இருக்கிறேன். திருத்திவிடு.

நான்தான்

*

ஜூலை 25

அன்புள்ள மழைக்கணக்கருக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? வழக்கத்துக்குக் கேட்கவில்லை, ராத்திரி தூங்குகிறீர்களா, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, உட்கார்ந்து எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்றாம் தேதி படித்தேன். பதினைந்தாம் தேதிப் படகுக்கு எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாமே கட்டுரை மாதிரி வந்தது. 'அன்புடையீர்' என்று நான் எழுதிய அந்தக் கண்றாவியை அடுப்பில் போடுங்கள். உங்கள் கடிதமும் அதுவும் படகில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் சொன்ன மாலை ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவைத்திருந்தேன் போலிருக்கிறது. பெட்டியின் பூட்டு என் உள்ளங்கையில் அழுத்தியது, உங்கள் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. எவ்வளவு உயரம் என்று கேட்டேனே, அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்புறம் சிரிப்பு நின்றுவிடுகிறது. நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று அந்தப் பெட்டி மேலேயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? அது மூடியே வெகுநேரம் ஆகியிருந்தது.

என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன். பச்சைப் புத்தகமும் அந்த இதழ்களும் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. என் அறைக்கு நேர் கீழே. பக்க எண்களை ஜனவரியிலேயே பார்த்து எழுதிவிட்டேன்.

முகவரியைத் திருத்தச் சொல்லி ஆய்விதழுக்கு எழுதினேன். தபாலில் போடவில்லை. அந்த அம்மாவே போன் செய்து, "எல்லாம் சரியா இருக்கில்ல? இனிமே மாத்த முடியாது" என்றார். ஒரு காற்புள்ளிக்காக அவரிடம் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றவள் நான். "எல்லாம் சரியா இருக்குங்க" என்றேன். போன மாதமே இணையத்தில் வந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் உங்கள் பெயர், நீங்கள் சொன்ன தேதி, கீழே நம் தெரு, நம் வீட்டு எண். அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என் கட்டுரையை நான் இன்னும் முழுதாகப் படித்துப் பார்க்கவில்லை.

காரணம் எழுதச் சொல்கிறார்கள் என்றீர்களே, இதோ எழுதுகிறேன். வாருங்கள். இந்த வீட்டுக்கு வாருங்கள். உங்கள் இஷ்டம் என்று நான் எழுதியது பொய். எனக்கு நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும், மேகத்தைப் பார்ப்பதானால் இந்த ஜன்னலில் நின்று பாருங்கள், நானும் வந்து நிற்கிறேன். இந்தப் பக்கத்தை அப்படியே விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். படிக்கிறவர்கள் படிக்கட்டும். மாற்று ஆள் கிடைக்க வருஷக் கணக்கில் ஆகும் என்றால் கல்லூரியில் லீவு கேட்டு நான் வந்து இருக்கிறேன். ஆனால் முதலில் கேளுங்கள். கேட்காமலே இரண்டு பேரும் நான்கு வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

இன்று காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தபால்காரர். உங்கள் பெயருக்குப் பதிவுத் தபால். கட்டுரையைப் படித்த யாரோ ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் தன் நத்தைக் குறிப்புகளை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். இந்த முகவரிக்கு உங்கள் பெயரில் தபால் வந்து எவ்வளவு காலமாகிறது! வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "சார்தான் கையெழுத்துப் போடணும், கூப்பிடுங்க" என்றார்.

"வெளியில போயிருக்கார்" என்றேன்.

"எப்ப வருவார்?"

அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
அரைப்புள்ளி